‘ல சாமுராய்’: பேசாத மனிதனை ஏன் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1967இல் வெளிவந்த பிரெஞ்சுப் படமான ‘ல சாமுராய்’ பார்த்திருக்கிறீர்கள். தொடங்கிப் பத்து நிமிடம் வரை யாரும் வாய் திறக்கவில்லை. கூலிக்குக் கொலை செய்யும் கதாநாயகனின் முகத்தில் எந்த உணர்ச்சியும் தெரியவில்லை. துரத்தல் என்று வருவதும் மெட்ரோ ரயிலில் ஏறி இறங்குவதுதான். ஆனாலும் உங்களால் எழுந்து போக முடியவில்லை. மறுநாளும் அதே நினைவாக இருந்தது. “அழகான நடிகர், நல்ல கோட்டு, நல்ல தொப்பி. இதற்கு மேல் இந்தப் படத்தில் ஏதாவது இருக்கிறதா, இல்லை வெறும் தோரணையில் மயங்கிவிட்டேனா?” என்று கேட்கிறீர்கள். இருக்கிறது என்பதுதான் என் பதில். அந்த மனிதனை எல்லோரும் கண்காணிக்கிறார்கள். நம்மையும் அந்தக் கண்காணிப்பவர்களில் ஒருவராகப் படம் உட்காரவைத்துவிடுகிறது. பேசாத ஒருவனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவன் கைகளையும் நடையையும் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. நீங்கள் எழுந்து போகாததற்குக் காரணம் அந்த வேலை என்றே நினைக்கிறேன். முடிவையும் சேர்த்துத்தான் பேசப்போகிறேன். படம் பார்க்காத யாராவது இதைப் படித்தால் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

நான் சினிமாவில் ஒலித் துறைக்காரன். படச்சுருள் காலத்தில் எடிட்டிங் அறையில் உதவியாளனாகத் தொடங்கி, பிறகு எஃபெக்ட்ஸ் (காட்சிக்கான ஓசைகள்), ரீ-ரெக்கார்டிங் (இசையும் ஓசையும் கலப்பது) என்று போனவன். அதனால் இந்தப் படத்தைக் கண்ணைவிடக் காதால்தான் அதிகம் அணுகுகிறேன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. வசனங்களைத் துணைத்தலைப்பு வழியாகத்தான் படித்திருக்கிறேன். போலீஸ் அதிகாரியாக வரும் பிரான்சுவா பெரியேயின் பேச்சில் இருக்கும் நயங்களை அந்த மொழிக்காரர்தான் முழுமையாகச் சொல்ல முடியும். நல்லவேளையாக, இந்தப் படத்தின் பெரும்பகுதிக்கு எந்த மொழியும் தேவைப்படுவதில்லை.

முதல் காட்சியை மறுபடி நினைத்துப் பாருங்கள். சாம்பல் நிற அறை. இரண்டு ஜன்னல்கள். நடுவில் ஒரு பறவைக் கூண்டு. அறையில் ஆள் இருப்பதே உடனே தெரியாது. வலப்பக்கக் கட்டிலிலிருந்து சிகரெட் புகை எழும்போதுதான் ஒருவன் படுத்திருக்கிறான் என்று புரியும். வெளியே மழை, ஈரச் சாலையில் வண்டிகள் போகும் ஓசை. அதன்மேல் அந்தப் பறவையின் ‘கீச்’. இந்த இடத்தில் இசை வைத்திருந்தால், அவன் சோகமானவன் என்றோ ஆபத்தானவன் என்றோ அது நமக்குச் சொல்லிக்கொடுத்துவிடும். அது இல்லாததால் நம் காது தானாகக் கூர்மையாகிறது. ஒரு நிமிடத்துக்குள் அந்த அறையின் ஓசை நமக்குப் பழகிவிடுகிறது. நம் காதுக்கு இப்படிக் கொடுக்கப்பட்ட பயிற்சி படத்தின் நடுவில் எப்படிப் பயன்படுகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன். காட்சியின் கடைசியில் கேமரா செய்யும் ஒரு வேலையும் உண்டு. வண்டியில் பின்னே நகர்ந்துகொண்டே ஸூம் லென்ஸில் முன்னே நெருங்குகிறார்கள், அதையும் நிறுத்தி நிறுத்திச் செய்கிறார்கள். அசையாத அறை லேசாகக் குலுங்குவது போலத் தெரியும். அவன் மனம் நிலையாக இல்லை என்பதற்கு இயக்குநர் ஜான்-பியேர் மெல்வில் தரும் ஒரே தடயம் அது.

அடுத்து அவன் எழுந்து கோட்டு மாட்டிக்கொள்கிறான். கண்ணாடி முன் நின்று தொப்பியின் விளிம்பை ஒரு விரலால் நீவிச் சரிசெய்கிறான். தெருவுக்கு வந்து, நிறுத்தியிருக்கும் ஒரு சித்ரோயன் டிஎஸ் காரில் தன் வண்டியைப் போலவே ஏறி உட்காருகிறான். பையிலிருந்து ஒரு பெரிய சாவி வளையத்தை எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைக்கிறான். ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்கிறான். பார்வை சாவியில் இல்லை. மழை வழியும் முன்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான், விரல்கள் மட்டும் வேலை செய்கின்றன. சேராத சாவியை ஒதுக்கி அடுத்ததை எடுக்கிறான். அவசரம் இல்லை. வண்டி கிளம்புகிறது. ஒரு சிக்னலில் பக்கத்து காரிலிருக்கும் பெண் அவனைப் பார்த்துப் புன்னகைக்கிறாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். புறநகரில் ஒரு கராஜ். மெக்கானிக் நம்பர் பிளேட்டை மாற்றுகிறான், வண்டிக்கான காகிதங்களைக் கொடுக்கிறான். இவன் கையை நீட்டியதும் மேசை டிராயரிலிருந்து துப்பாக்கி வருகிறது. பணம் கைமாறுகிறது. இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. படத்தில் நம் காதில் விழும் முதல் சொல், அதன்பிறகு அவன் தோழி ஜேன் வீட்டுக் கதவருகே அவனை அழைக்கும் பெயர்: “ஜெஃப்?”

வேறொரு இயக்குநர் இதை ஐந்து ஷாட்டில் முடித்திருப்பார்: சாவி, எஞ்சின், சாலை, பிளேட், துப்பாக்கி. மெல்வில் வேலைக்குரிய நேரத்தை முழுதாகக் கொடுக்கிறார். சாவி கிடைக்குமா என்று நாமும் காத்திருக்கிறோம். யாராவது வந்துவிடுவார்களோ என்று தெருவைப் பார்க்கிறோம். கொலைக்காரனின் பக்கம் நம்மைச் சாய்க்க அவனுடைய ஏழைப் பிள்ளைப்பருவமோ பழிவாங்கும் காரணமோ சொல்லப்படவில்லை. சுத்தமாக வேலை செய்கிற ஒருவனைக் கண்கொட்டாமல் பார்த்தோம், அவ்வளவுதான். அவன் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற கவலை நமக்கு வந்துவிடுகிறது. இதில் ஒழுக்கக் கேடான ஒன்று இருக்கிறது என்பதையும் படம் மறைக்கவில்லை. இரவு விடுதி முதலாளி “யார் நீ?” என்று கேட்கிறான், என்ன வேண்டும் என்கிறான். “உன்னைக் கொல்ல வேண்டும்” என்பதுதான் பதில். கோபம் இல்லாமல், பகை இல்லாமல். ஒரு நிமிடம் முன்பு வரை அந்தக் கைத்திறனை ரசித்துக்கொண்டிருந்த நமக்கு அங்கே வயிறு கலங்க வேண்டும். எனக்குக் கலங்குகிறது.

என் தொழிலை ஒட்டி ஒரு சிறிய விஷயம். கொலைக்குப் போகும்போது அவன் அணிவது வெள்ளைப் பருத்திக் கையுறை. எடிட்டிங் டேபிளில் படச்சுருளைத் தொடும்போது விரல் ரேகையும் வியர்வையும் பதியக் கூடாது என்று நாங்கள் போட்டுக்கொள்வது அதுதான். மெல்வில்லும் அவை எடிட்டரின் கையுறைகள் என்று சொல்லியிருக்கிறார். ரேகை பதியாமல் வேலையை முடிப்பது அங்கேயும் விதி, இங்கேயும் விதி.

இப்போது உங்கள் “தோரணை மட்டும்தானா” என்ற சந்தேகத்துக்கு வருகிறேன். இதற்குப் படத்துக்குள்ளேயே ஒரு காட்சி இருக்கிறது, கவனித்தீர்களா தெரியவில்லை. போலீஸ் நிலையத்தில் அடையாள அணிவகுப்பு. ஜேனின் வீட்டு வாசலில் அன்றிரவு ஜெஃபை எதிர்கொண்ட வியனெர் என்ற மனிதர், ஜேனை நாடி வருகிற இன்னொருவர், அழைத்துவரப்படுகிறார். அதற்கு முன்பு அதிகாரி, ஜெஃபின் தொப்பியை ஒருவருக்கும் கோட்டை இன்னொருவருக்கும் மாற்றிவிடுகிறார். வியனெர் நிதானமாகப் பார்க்கிறார்: அந்தத் தொப்பி, அந்தக் கோட்டு, ஆனால் முகம் இவருடையது என்று மூன்றையும் தனித்தனியாகப் பொறுக்கி எடுத்துவிடுகிறார். அதிகாரி வைத்த பொறி, அன்றிரவு ஜேன் வீட்டில் இருந்தேன் என்ற ஜெஃபின் வாக்குமூலத்தையே உறுதிசெய்து அவனை விடுவிக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகிறது. தொப்பியையும் கோட்டையும் கழற்றி வேறு ஆட்களுக்கு மாட்டிப் பார்த்தாலும் மிச்சம் ஏதாவது நிற்கிறதா என்று மெல்வில்லே சோதித்துப் பார்க்கிறார். நிற்கிறது. உங்கள் கேள்வியை இயக்குநர் உங்களுக்கு முன்பே கேட்டிருக்கிறார்.

அதிகாரிக்குச் சந்தேகம் தீரவில்லை. ஜெஃப் இல்லாத நேரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் அவன் அறைக்குள் நுழைந்து ஒலிவாங்கியைப் பொருத்துகிறார்கள். பறவை கூண்டில் படபடக்கிறது. பிறகு ஜெஃப் திரும்பி வருகிறான். கூண்டருகே நின்று கேட்கிறான், பார்க்கிறான். கூண்டில் இறகுகள் உதிர்ந்து கிடக்கின்றன; பறவையின் சத்தத்திலும் ஏதோ கலவரம். அவன் எதுவும் சொல்லவில்லை. அறையை அங்குலம் அங்குலமாகத் தேடி, கருவியைக் கண்டுபிடித்து அணைத்துவிடுகிறான். ஒட்டுக்கேட்கும் போலீஸ்காரர்களின் டேப்பில் பதிந்ததெல்லாம் பறவையின் கீச்சொலிதான். முதல் காட்சியில் நம் காது பழகிக்கொண்டது இந்த இடத்துக்காக. அந்த அறையின் வழக்கமான ஓசை நமக்குத் தெரிந்திருப்பதால் பறவையின் பதற்றம் நமக்கும் புரிகிறது. அதே நேரத்தில் நாம் போலீஸ்காரர்களின் இடத்திலும் இருக்கிறோம்: ஒரு மனிதனின் அறையை ஒட்டுக்கேட்கிறோம், பறவைச் சத்தம்தான் கிடைக்கிறது. கதையையும் ஒலியையும் பார்வையாளரையும் இப்படி ஒரே முடிச்சில் கட்டிய காட்சி வேறொன்று எனக்கு நினைவுக்கு வரவில்லை. புதிதாக ஒலித் துறைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இதைத்தான்.

மெட்ரோ துரத்தலிலும் இதே கணக்குதான். தலைமையகத்தில் விளக்குகள் மின்னும் பெரிய வரைபடம். பெட்டிகளிலும் நடைமேடைகளிலும் சாதாரணப் பயணிகளைப் போல ஆண் பெண் போலீஸார். யாரும் ஓடுவதில்லை. யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதுதான் மொத்த விறுவிறுப்பும். ரயிலின் ஓசை, கதவு மூடும் ஓசை, காலடி. இசையமைப்பாளர் பிரான்சுவா த ருபே நல்ல மெட்டு ஒன்றைக் கொடுத்திருக்கிறார்; அதைச் சிக்கனமாகத்தான் செலவழித்திருக்கிறார்கள். நம் ஊர் ரீ-ரெக்கார்டிங் அறையில் இரண்டு நிமிடம் இசை இல்லாமல் விட்டால் தயாரிப்பாளர் பதறிப்போவார். அந்தப் பதற்றத்தில் ஒரு நியாயமும் உண்டு: மௌனத்தை நிரப்ப நல்ல ஓசைகள் பதிவாகியிருக்க வேண்டும். அது படப்பிடிப்பிலிருந்தே திட்டமிட வேண்டிய காரியம். கடைசியில் இசையை அணைத்துவிட்டால் மட்டும் மௌனம் வந்துவிடாது.

இந்த மௌனம் எங்கிருந்து வந்தது? சில செய்திகளில் ஐயமே இல்லை. மெல்வில்லின் உண்மைப் பெயர் ஜான்-பியேர் க்ரும்பாக். பாரிசில் 1917இல் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துத் தலைமறைவாக இயங்கிய பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தில் இருந்தவர். ‘மெல்வில்’ என்ற பெயரை அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில்லிடமிருந்து அந்தக் காலத்தில்தான் எடுத்துக்கொண்டார். அவருடைய முதல் முழுநீளப் படம் 1949இல் வந்தது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது ஒரு முதியவரும் அவர் அண்ணன் மகளும் வாழும் வீட்டில் ஜெர்மன் அதிகாரி ஒருவன் தங்கவைக்கப்படுகிறான். மாலைதோறும் அவன் பேசுகிறான். இவர்கள் இருவரும் பதில் பேச மறுக்கிறார்கள். அந்த மௌனம்தான் அவர்களின் போராட்டம். ‘ல சாமுராய்’க்கு ஒளிப்பதிவு செய்த ஹென்றி தெக்காய்தான் அதற்கும் ஒளிப்பதிவாளர்.

இனி வருவது என் ஊகம். ஆதாரம் காட்டச் சொன்னால் என்னிடம் இல்லை. மாற்றுப் பெயர், போலிக் காகிதம், பின்தொடரும் ஆள், வாயைத் திறந்தால் ஆபத்து என்ற வாழ்க்கையை நேரில் வாழ்ந்த ஒருவருக்கு, பேசாமல் இருப்பது ஒரு பாணியாகப் பட்டிருக்காது. உயிர்பிழைக்கும் முறையாகத்தான் பட்டிருக்கும். ஜெஃபின் மௌனத்தில் எனக்கு அதுதான் கேட்கிறது. நம்பர் பிளேட் மாற்றும் அந்தக் கராஜ் காட்சியைக் குற்ற உலகத்தின் பழக்கமாகவும் பார்க்கலாம், தலைமறைவு வாழ்க்கையின் பழக்கமாகவும் பார்க்கலாம். அமெரிக்கக் குற்றப் படங்களின் தாக்கம் இதைவிட வெளிப்படையானது. மழைக்கோட்டும் தொப்பியும் அங்கிருந்து வந்தவை. கூலிக்கொலைகாரன் ஒருவன் பூனையிடம் மட்டும் பிரியம் காட்டும் 1942ஆம் ஆண்டு ஹாலிவுட் படம் ஒன்று உண்டு; இங்கே பூனையின் இடத்தில் பறவை. ஆனால் ஜப்பான் தொடர்பை அதிகம் நம்ப வேண்டாம். தொடக்கத்தில் ‘புஷிதோ’ (சாமுராய் வீரர்களின் நெறி) என்ற நூலின் மேற்கோளாகக் காட்டப்படும், சாமுராயின் தனிமையைக் காட்டுப் புலியின் தனிமையோடு ஒப்பிடும் வரிகளை மெல்வில்லே எழுதினார்.

அலென் டெலோனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மெல்வில் திரைக்கதையை அவருக்கு வாசித்துக்காட்டியபோது, பல நிமிடங்கள் போயும் ஒரு வசனம்கூட வராததைக் கவனித்த டெலோன், அந்தக் காரணத்துக்காகவே நடிக்கச் சம்மதித்தார் என்பது மெல்வில் சொன்ன கதை. டெலோன் அப்போது பிரான்சின் பெரிய நட்சத்திரம். அந்த அழகு நம்மை இழுக்கிறது என்பதை நீங்கள் சங்கடத்தோடு எழுதியிருக்கிறீர்கள், சங்கடம் வேண்டாம். அந்த முகத்தை மெல்வில் ஒரு மூடிய கதவாகப் பயன்படுத்துகிறார். சாதாரண முகம் இப்படி அசையாமல் இருந்தால் நாம் விலகிப் போயிருப்போம். இது அழகான முகம் என்பதால் விலகாமல் தேடிக்கொண்டே இருக்கிறோம். அவன் கையில் குண்டடி பட்டுத் திரும்பிவந்து தானே கட்டுப்போட்டுக்கொள்ளும் காட்சியில் ஒரு கணம் வலி தெரியும். அதுவரை காட்டிய கட்டுப்பாட்டால்தான் அந்த ஒரு கணம் இவ்வளவு கனமாக விழுகிறது.

படப்பிடிப்பின் நடுவே, 1967 ஜூன் மாத இறுதியில், பாரிசின் ஷெனர் தெருவில் மெல்வில்லுக்குச் சொந்தமாக இருந்த ஸ்டுடியோ தீப்பிடித்து எரிந்துபோனது. அந்தப் பறவையும் அதில் இறந்தது. மெல்வில் படத்தை முடித்து அதே ஆண்டு அக்டோபரில் வெளியிட்டார்.

முடிவைப் பற்றி நீங்கள் கேட்டது கடினமான பகுதி. திரையில் நிச்சயமாகத் தெரிவது இவ்வளவு: அந்த இரவு விடுதியில் பியானோ வாசிக்கும் வலேரியைக் கொல்ல அவனுக்குப் பணம் தரப்பட்டிருக்கிறது. அணிவகுப்பில் அவனைத் தெரியாது என்று சொல்லிக் காப்பாற்றியவள் அவள். தன்னை ஏவியவனை முதலில் கொன்றுவிட்டு விடுதிக்கு வருகிறான். தொப்பியைக் கொடுத்ததும் தரப்படும் டோக்கனை எடுக்காமலே உள்ளே போகிறான். எல்லோரும் பார்க்கும்படி வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொள்கிறான். வலேரி முன் துப்பாக்கியை நீட்டுகிறான், போலீஸ் சுடுகிறது. அவன் துப்பாக்கியில் குண்டே இல்லை என்பதை அதிகாரி திறந்து காட்டுகிறார். திரும்பி வரும் எண்ணம் இல்லாமல்தான் அவன் வந்தான் என்பதை அந்த டோக்கனே சொல்கிறது. ஏன் வந்தான் என்பதில்தான் பல பதில்கள். வலேரி மரணத்தின் உருவம், அவன் தன் மரணத்தைக் காதலிக்கிறான் என்று மெல்வில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். இயக்குநரின் சொல் என்றாலும் எனக்கு அது முழுமையாக ஒப்பவில்லை. கைபட்ட ஒவ்வொரு பொருளையும் இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய படத்துக்கு அந்த விளக்கம் பெரிய சட்டையாக இருக்கிறது. வாங்கிய பணத்துக்கு வேலைக்குப் போக வேண்டும், காப்பாற்றியவளைக் கொல்லவும் கூடாது. இரண்டு கடனையும் ஒரே நேரத்தில் தீர்க்க அவனுக்கு இருந்த வழி குண்டில்லாத துப்பாக்கிதான் என்று நான் படிக்கிறேன். படம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

குறைகளும் இருக்கின்றன. ஜேன் (நத்தாலி டெலோனின் முதல் படம்) அவனுக்குப் பொய்ச்சாட்சி சொல்வதற்காக மட்டுமே எழுதப்பட்டவள் போல நிற்கிறாள். அதிகாரி அவள் வீட்டைக் குடைந்து, வழக்குப் போடுவேன் என்று மிரட்டும் காட்சியில் மட்டும் அவளுக்கு முதுகெலும்பு தெரிகிறது. வலேரியாக வரும் கத்தி ரோசியேயின் பார்வையில் இருக்கும் கூர்மைக்கு ஈடான எழுத்து அவளுக்குக் கிடைக்கவில்லை. ஆண்களின் தனிமையை இவ்வளவு பொறுமையாகக் கவனித்த மெல்வில், பெண்களைக் கவனிக்க அந்தப் பொறுமையைச் செலவழிக்கவில்லை. பின்னால் வந்த பல படங்கள் இதிலிருந்து கோட்டையும் மௌனத்தையும் எடுத்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டன என்பது என் வருத்தம். பேசாத கதாநாயகன் மட்டும் வந்தான். சாவி வளையம் வரவில்லை.

அடுத்து எதைப் பார்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1970இல் மெல்வில் எடுத்த ‘ல செர்க்ல் ரூஜ்’ பாருங்கள்; டெலோனும் இருக்கிறார். நகைக்கடைத் திருட்டு ஒன்று ஏறக்குறைய அரை மணி நேரம் வசனமே இல்லாமல் நடக்கும். அதற்குப் பிறகு, எதிர்ப்பியக்கத்தைப் பற்றி அவர் 1969இல் எடுத்த ‘ஆர்மி ஆஃப் ஷேடோஸ்’. என் ஊகம் சரியா தவறா என்று அதைப் பார்த்து நீங்களே முடிவுசெய்யலாம்: அதே தொப்பி, அதே கோட்டு, அதே மௌனம், ஆனால் அங்கே அவை கொலைக்கூலிக்காக இல்லை. ‘ல சாமுராய்’யை மறுபடி பார்ப்பதாக இருந்தால் செல்பேசியில் வேண்டாம். ஹெட்ஃபோன் போதும், ஒலியை வழக்கத்தைவிடச் சற்றுக் கூட்டி வையுங்கள். இரண்டாவது முறை கார் திருடும் காட்சி வரும்போது முதல் முறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கராஜ் மெக்கானிக் இந்த முறை வாய் திறந்து, இதுதான் கடைசித் தடவை என்கிறான். முதல் முறை அவன் பேசாமலே இருந்ததால்தான் அந்த ஒரு வாக்கியம் எச்சரிக்கையாகக் கேட்கிறது.